மூணாம் போர்டு

எண்பதுகளின் நடுவில் நடந்தது இது. திண்டுக்கல் பக்கம் ஒரு டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் நான் ஆபரேட்டராக இருந்தேன். எந்த ஊர் என்பது வேண்டாமே. சுவரோரம் வரிசையாக, அழைப்புகளை இணைத்துக் கொடுக்கும் போர்டுகள், போர்டுக்கு ஒரு பெண், காதில் ஹெட்போன். என்னுடையது மூன்றாவது போர்டு. எங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதே குறைவு. சூப்பர்வைசர் தலையைத் தூக்காமலே "மூணாம் போர்டு?" என்பார், நான் "இருக்கேன் சார்" என்பேன்.

நடுவில் ஒருத்தி எழுந்து போனால், பக்கத்துப் போர்டுக்காரி அவளுக்கு வரும் அழைப்புகளையும் சேர்த்துப் பார்ப்பாள். அந்த நேரம் பார்த்து சூப்பர்வைசர் கேட்டுவிட்டால், "இருக்காங்க சார்" என்று அவளே பதில் சொல்லிவிடுவாள். இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை. எனக்கு அடுத்து நாலாம் போர்டில் ஓர் அக்கா. நான் பிள்ளை பெற்று வேலைக்குத் திரும்பிய பிறகு, எத்தனை முறை எனக்காக "இருக்காங்க" சொல்லியிருப்பார் என்பதற்குக் கணக்கே கிடையாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வேன் வைத்துப் பழனி போவது என்று முடிவானது. முந்தின ராத்திரி எனக்கும் அக்காவுக்கும் நைட் டூட்டி. வீட்டுக்கு ஓடிக் குளித்து, ஏழு மாதப் பிள்ளைக்குப் பால் கொடுத்துவிட்டு, கண் எரிச்சலோடு வேனில் ஏற வேண்டும். வரவில்லை என்றால் பெரிய இவளாக்கும் என்பார்கள். வீட்டுக்காரருக்கு வெளியூரில் வேலை. மாமியாருக்கோ நான் போவது சுத்தமாகப் பிடிக்கவில்லை. குலதெய்வத்துக்கு முடி இறக்காத பிள்ளை வேறு கோயில் படி மிதிக்கக் கூடாது என்று பிள்ளையைத் தன்னிடமே வைத்துக்கொண்டார். அவனோ புட்டிப்பால் குடிக்க மாட்டான், சங்கில் ஊற்றினாலும் துப்பிவிடுவான். வெயில் தாழ்வதற்குள் வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன்.

வேனில் ஒரே பாட்டும் கூத்தும்தான். தூக்குவாளியில் புளிச்சோறும் உருளைக்கிழங்குப் பொரியலும் சுற்றி வந்தன. எனக்கு எதுவும் இறங்கவில்லை. பழனி மலையில் ஒவ்வொரு படியும் என்னைப் பின்னால் இழுத்தது. சாமியை நேராகப் பார்த்தபோது கொட்டாவிதான் வந்தது, கன்னத்தில் போட்டுக்கொண்டேன். இறங்கி வந்து அடிவாரத்தில் ஒரு மெஸ்ஸில் சாப்பிட உட்கார்ந்தபோது நெஞ்சில் பால் கட்டி, ரவிக்கை நனைந்து, உயிர் போகிற வலி. மெஸ் நடத்துகிற அம்மா பார்த்ததுமே புரிந்துகொண்டார். உள்ளே கூட்டிப்போய், பாலைப் பீய்ச்சிவிட ஒரு கிண்ணத்தைக் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்தினார். வலி கொஞ்சம் குறைந்தது. சுவரில் சாய்ந்தது மட்டும்தான் நினைவிருக்கிறது.

கண் விழித்தபோது வெளியே இலையெல்லாம் எடுத்துக் கழுவிவிட்டிருந்தார்கள். தெருவில் எங்கள் வேன் இல்லை. அந்த அம்மா பதறிப்போனார்.

"எழுப்பலாம்னுதானுங்க வந்தேன். அசந்து தூங்கறதப் பாத்து மனசு வரலைங்க. உங்க வண்டி நிக்கும்னுதானுங்க நெனச்சேன்."

எனக்கு அழுகை வரவில்லை. அதற்குக்கூடத் தெம்பில்லை. இத்தனை பேர் வந்தோம், ஒருவர்கூடவா என்னைத் தேடவில்லை? என் பையும் வேனோடு போயிருந்தது. நல்லவேளை, பர்ஸ் இடுப்பில் இருந்தது. அந்த அம்மாவே கூட நடந்து வந்து, திண்டுக்கல் பஸ்ஸில் என்னைத் திணித்து ஏற்றிவிட்டார். முகூர்த்த நாள் வேறு. நிற்கத்தான் இடம். கம்பியைப் பிடித்தபடி, இந்நேரம் பிள்ளை அழுதுகொண்டிருப்பான் என்பதை மட்டுமே நினைத்துக்கொண்டு நின்றேன். மறுபடியும் ரவிக்கை நனைந்தது. யார் பார்த்தால் என்ன என்று ஆகிவிட்டது.

ஒட்டன்சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் நின்றதும், ஜன்னல் பக்கமிருந்து கரகரத்த குரல் ஒன்று கேட்டது.

"மூணாம் போர்டு இருக்கா? ஏ புள்ள, மூணாம் போர்டு!"

பஸ்ஸில் எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். நான் கூட்டத்துக்குள்ளிருந்து, "இருக்கேன்க்கா" என்றேன். சொல்லும்போதுதான் அழுகை வந்தது.

அக்கா முட்டி மோதி ஏறி வந்தார். என் பை அவர் தோளில் தொங்கியது. கையில் பஞ்சாமிர்த டப்பா. நடந்தது இதுதான். பழனியில் வேன் கிளம்பும்போது சூப்பர்வைசர் வேடிக்கையாகப் போர்டு போர்டாகக் கூப்பிட்டிருக்கிறார். அக்கா ராத்திரி முழித்த அசதியில் கண்ணை மூடிக் கிடந்திருக்கிறார். மூணாம் போர்டு என்றதும், கண்ணைத் திறக்காமலே "இருக்காங்க சார்" என்று சொல்லியிருக்கிறார். ஒட்டன்சத்திரத்தில் டீ குடிக்க இறங்கியபோதுதான் என் இடத்தில் பை மட்டும் இருந்தது தெரிந்திருக்கிறது. டிரைவருக்குச் சாயங்காலம் வேறு சவாரி, திரும்ப முடியாது என்றுவிட்டார். அக்கா அங்கேயே இறங்கிக்கொண்டார். பழனியிலிருந்து வந்த ஒவ்வொரு பஸ்ஸிலும் அப்படிக் கூப்பிட்டுப் பார்த்திருக்கிறார்.

"இருக்கான்னு சொன்னது நாந்தானே. நாந்தான் கூட்டிட்டு வரணும்" என்றார். பிறகு என் ரவிக்கையைப் பார்த்துவிட்டு, பையிலிருந்த துண்டை என் மேல் போர்த்தினார். சீட்டில் இருந்த ஒருவரை அதட்டி எழுப்பி என்னை உட்கார வைத்தார். திட்டலாம் என்று நினைத்தேன். அதற்குப் பதில் அவர் இடுப்பில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டேன்.

வீட்டு வாசலில் மாமியார் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றார். அழுது அழுது அவன் குரலே போயிருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டார்.

"வண்டி மக்கர் பண்ணிருச்சும்மா. இவ என்ன செய்வா, பாவம்."

மாமியார் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். நம்பினாரோ என்னவோ, "மொதல்ல பிள்ளையப் பிடி. தொண்டத்தண்ணி வத்திப்போச்சு" என்று மட்டும் சொன்னார். நடையிலேயே உட்கார்ந்து பால் கொடுத்தேன். அவன் விக்கி விக்கிக் குடித்தான். நான் பஞ்சாமிர்தத்தை விரலால் தொட்டு ஒரு வாய் வைத்தேன். அன்றைக்கு நான் ருசித்துச் சாப்பிட்டது அது ஒன்றைத்தான்.

பிறகு தானாக இயங்கும் எக்ஸ்சேஞ்ச் வந்து போர்டுகளைக் கழற்றிவிட்டார்கள். அக்கா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் என்று மாற்றலாகிப் போனோம். இன்றும் எங்காவது பஸ்ஸில் போகும்போது ஒட்டன்சத்திரம் வந்தால், எவ்வளவு அசதியாக இருந்தாலும் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுகிறேன், ஜன்னலில் யாராவது கூப்பிட்டால் உடனே பதில் சொல்ல வேண்டுமே என்று.