சென்றியில் கிடந்த தூண்

சண்டை நடந்த அந்த வருடங்களில் எனக்கு எதிலும் அலுப்பு. சென்றி என்கிற இராணுவச் சோதனைச்சாவடியில் வரிசையில் நிற்பது அலுப்பு. அடையாள அட்டையை நீட்டுவது அலுப்பு. அன்புவழிபுரத்தில் எங்கள் குசினிக்குப் பின்னால் நான் போட்டிருந்த வேலைக்கொட்டிலில் ஒரு துளையை நேராகப் போட முடியாமல் இருந்ததுதான் எல்லாவற்றிலும் பெரிய அலுப்பு. தண்ணீர்ப் பம்பும் சைக்கிளும் திருத்துகிறவனுக்குக் கைத்துளைப்பான் போதும். என் மனைவியின் காலுக்கு அது போதவில்லை.

கட்டைபறிச்சானில் தாய்வீட்டுக்குப் போயிருந்தபோது மிதிவெடியில் அவளுடைய வலது கால் முழங்காலுக்கு மேலே போய்விட்டது. யாழ்ப்பாணத்தில் பொய்க்கால் போட்டுக் கொடுத்தார்கள். பிறகு சண்டையில் யாழ்ப்பாணப் பாதை மூடிவிட்டது, காலைத் திருத்தக் கொண்டுபோக வழியில்லை. அந்தக் காலின் முழங்காலில் இரண்டு பக்கமும் இரும்புத் தகடு, இரண்டையும் ஊடுருவிக் குறுக்கே ஓர் அச்சாணி. தகட்டுத் துளைகள் தேய்ந்து அகன்றபோது நானே புதுத் தகடு வெட்டித் துளை போட்டேன். கைத்துளைப்பான் எப்படிப் பிடித்தாலும் ஒரு மயிரிழை சரிந்துவிடும். அதனால் ஒவ்வொரு அடிக்கும் கால் வெளிப்பக்கம் திரும்பியது. அவள் சந்தைக்குப் போய் வந்தால் தொடையில் தோல் உரிந்திருக்கும்.

"ஒரு நாளைக்கெண்டாலும் இந்தக் காலை மறந்து நடக்க வேணும்," என்பாள். அதில் குற்றம் சொல்கிற குரல் இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

நகரத்தில் ஒரு பழைய இரும்புக் கடையில் இரண்டு துளைமிசின்கள் நின்றன. ஒன்று புதுசு, பச்சைப் பெயின்ற் மினுங்கியது, ஒருவரே தூக்கலாம். மற்றது துறைமுகப் பக்கத்து வேலைத்தளம் ஒன்றில் கழித்துவிட்ட பழசு. தடித்த இரும்புத் தூண், பெயின்ற் எல்லாம் உரிந்திருந்தது. கடைக்கார அண்ணை புதுசைத்தான் என் தலையில் கட்டப் பார்த்தார்.

"தம்பி, இது பாரமில்லை. கரண்டும் கொஞ்சந்தான் இழுக்கும்."

"துளை நேரா விழுமோ அண்ணை?"

"விழாமல்? புது மிசின்."

புதுசு பழசு என்ற கதை எனக்கு வேண்டாம். கொண்டுபோன சைக்கிள் கம்பியை வளைத்து, துளையூசி பிடிக்கிற வாயில் பூட்டி, நுனி மிசினின் மேசையைத் தொடுகிற அளவுக்கு இறக்கினேன். இடையில் சிகரெட் பெட்டிக்குள் இருக்கிற மெல்லிய தாளை வைத்துக் கையால் மெதுவாகச் சுற்றினேன். புது மிசினில் ஒரு பக்கம் தாள் இறுகியது, மறு பக்கம் வழுகிக்கொண்டு வந்தது. மேசையே சாய்வு. வாயைப் பிடித்து ஆட்டினால் அதுவும் ஆடியது. பழையதில் சுற்று முழுக்க ஒரே இறுக்கம். ஆட்டிப் பார்த்தேன், அசையவில்லை. எனக்கு அழுகை வரும்போல இருந்தது. கடைக்காரருக்கு முன்னால் அழ வெட்கமாக இருந்ததால் மூக்கைத் துடைத்துக்கொண்டு நின்றேன்.

"உந்தக் கிழடையோ? இதை என்னெண்டு சென்றி தாண்டிக் கொண்டுபோகப் போறீர்?" என்றார் அவர்.

அப்போது எங்கள் எல்லோருக்கும் ஒரு பழக்கம் இருந்தது, ஆமிக்காரர் கேட்க முதலே கழற்றிக் காட்டிவிடுவது. றேடியோ என்றால் பின்மூடியைக் கழற்றிக் கையில் வைத்திருப்போம். அரிசிச் சாக்கென்றால் வாயை அவிழ்த்தே ஓட்டோவில் ஏற்றுவோம். மூடிக் கிடக்கிற பொருளில்தான் சந்தேகம் வரும். அதனால் பழையதை வாங்கியதும் நானும் அண்ணையும் மிசினைப் பிரித்தோம். தலை வேறு, மேசை வேறு, அடிப்பலகை வேறு, தூண் வேறு. ஓட்டோவில் அடுக்கிவிட்டு நாங்கள் கெட்டிக்காரர் என்று நினைத்துக்கொண்டோம்.

சென்றியில் நின்ற ஆமிக்காரன் மற்ற எதையும் பார்க்கவில்லை. தூணைத் தூக்கினான். உள்ளே வெறுமையான இரும்புக் குழாய். ஒரு கண்ணை மூடிக்கொண்டு அதற்குள்ளால் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். அப்போதுதான் எனக்கு விளங்கியது. மிசினோடு நின்றிருந்தால் அது தூண். தனியே கிடந்தால் ஷெல் அடிக்கிற குழாய். என்னுடைய சிங்களம் "மிசின், மிசின்" என்பதோடு முடிந்துபோனது. வெயிலில் இருத்திவைத்து, அடையாள அட்டையைப் பதிந்து, கடைசியில் விட்டார்கள். தூணை மறித்து வைத்துக்கொண்டார்கள்.

"தூண் இல்லாமல் துளைக்க ஏலாதோ?" என்றாள் மனைவி.

"ஏலாது."

"அப்ப நான் வாறன். என்ரை காலைப் பாத்தால் அவைக்கு விளங்கும்."

வேண்டாம் என்று கத்தினேன். அவள் கூட்டுறவுச் சங்கக்கடையில் வேலை செய்த காலத்தில் சிங்களம் பழகியவள். என் கத்தலும் அவளுக்குப் பழக்கம்தான்.

மறுநாள் காலையில் சைக்கிள் கரியரில் இருத்திக் கூட்டிப்போனேன். சென்றிக்கு நல்ல தூரம் முன்னமே எல்லோரும் இறங்கி நடக்க வேண்டும். அந்தத் தூரத்தை அவள் நடந்தாள். கால் டக், டக் என்றது. நான் சைக்கிளை உருட்டிக்கொண்டு நிலத்தைப் பார்த்தபடி போனேன்.

சென்றி வாசலில் கிடந்த மண்மூட்டையில் இருந்துகொண்டு, ஆமிக்காரன் கேட்க முதல் காலைக் கழற்றி அவன் கையில் கொடுத்தாள். முழங்காலை மடித்துக் காட்டி, அச்சாணி சரிந்திருப்பதை விரலால் தொட்டு ஏதோ சொன்னாள். "இது என்ரை மனுசன் போட்ட துளை, அந்தக் குழாய் கிடைச்சால் நேராப் போடுவார் எண்டு சொன்னனான்," என்று பிறகு எனக்குச் சொன்னாள். அவன் காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அவளுடைய சீலையில் இரத்தம் ஊறியிருந்ததையும் பார்த்தான். உள்ளே போய்ப் பெரியவனோடு கதைத்துவிட்டுத் தூணைக் கொண்டுவந்தான். நான் வாங்கித் தோளில் வைத்ததும் பதறிப்போய்க் கையைக் காட்டினான்.

"தோளிலை வைக்க வேண்டாமாம். தூரத்திலை நிக்கிறவன் சுட்டுப்போடுவானாம்," என்றாள்.

கைக்குழந்தையைப் போல நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடந்தேன்.

மிசினைப் பூட்டி, கரண்ட் ஒழுங்காக வருகிற மத்தியானமாகப் பார்த்துத் தகடுகளைத் துளைத்தேன். அச்சாணி விரலால் தள்ளவே இரண்டு துளையாலும் போனது. அவளுடைய புண் ஆறும் வரைக்கும் கால் மூலையில் சாய்ந்து நின்றது. அதைப் பார்க்கிறபோதெல்லாம் எனக்குப் பயமாக இருந்தது. இதுவும் சரிவராவிட்டால் என்னிடம் வேறு வழியில்லை.

புண் ஆறியபிறகு ஒருநாள் சந்தைக்குத் தனியாகப் போனாள். நான் வேலையை விட்டுவிட்டுப் வாசல் படலையைப் பார்த்துக்கொண்டே நின்றேன். வந்தாள். பையை வைத்தாள். கத்தியை எடுத்துக்கொண்டு மீன் வெட்ட இருந்தாள். மீன் விலையைப் பற்றி ஏசினாள். நான் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தேன்.

"கால் எப்பிடி?" என்று கேட்டேன்.

"எந்தக் கால்?" என்றாள், மீனிலிருந்து தலையை எடுக்காமல்.

நான் கொட்டிலுக்குள் போய்க் கதிரையில் இருந்தேன். எழும்பக் கொஞ்ச நேரம் பிடித்தது.