வெண்டை இலை விட்ட பருத்தி

எனக்கு எழுபத்தெட்டு வயது. பெற்றது ஐந்து, வளர்த்தது ஆறு. கொழுந்தனார் மகனும் என் கையில்தான் சாப்பிட்டு வளர்ந்தான். எனக்குக் கையெழுத்துப் போட வரும். மற்றதை நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள்.

சோழபுரத்தில் எங்களுக்கு ஒரு ஏக்கர் இருந்தது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு வருஷம் அதில் பருத்தி போட்டோம். வேறு வெள்ளாமை கிடையாது. அதை நம்பித்தான் வீடு. செடி முழங்காலுக்கு வந்தபோது பூச்சி விழுந்தது. மருந்தடிக்கும் டேங்கைப் பக்கத்துக் கரும்புக்காரரிடம் இரவல் வாங்கினோம்.

"களைக்கொல்லி அடிச்சது. நல்லாக் கழுவிட்டு ஊத்துங்க" என்றார்.

நான்தான் கழுவினேன். என் கைச் சுத்தம் தெருவுக்கே தெரியும். மூன்று தடவை தண்ணீர் ஊற்றிக் குலுக்கிக் கொட்டினேன். வாடைகூட இல்லை. என் வீட்டுக்காரர் அதில் பூச்சிமருந்தைக் கலந்து காடு முழுக்க அடித்தார்.

ஒரு வாரத்தில் கொழுந்து சுருண்டது. அதற்குப் பிறகு வந்த இலையெல்லாம் விரல் விரலாக நீண்டு, வெண்டை இலை போல நின்றது. மருந்து பட்ட பழைய இலைக்கு ஒன்றும் ஆகவில்லை. மருந்தே படாத புது இலைதான் கோணிக்கொண்டு வந்தது. எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

வரப்பில் போன பக்கத்துக் காட்டுக்காரி நின்று பார்த்தாள். "ஏட்டி, பருத்தின்னுட்டு வெண்டையவா வெதச்ச? கொழம்புக்கு எம்புட்டுக் காய் தருவ?"

அந்த ஆத்திரத்தை வீட்டுக்காரர் மேல் காட்டினேன். "அளவு தெரியாம ஊத்திட்டீக."

"அளவாத்தான ஊத்துனேன்" என்றார்.

ஒரு செடியைப் பிடுங்கி ஈரச்சாக்கில் சுற்றிக்கொண்டு, நான் மட்டும் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ் ஏறினேன். விவசாய ஆபீசில் இருந்த அதிகாரி அம்மா இலையைப் பார்த்ததுமே கேட்டார்.

"டேங்க எதால கழுவுனீங்க?"

"தண்ணியாலதான்."

"சோப்புத்தூள் போட்டு ஊற வச்சிருக்கணும்க்கா. பருத்திக்கு ஒரு சொட்டு ஒட்டியிருந்தாலே போதும்."

பிறகு பொறுமையாகச் சொன்னார். செடி தான் வளரத் தானே ஒரு சத்தைச் சுரக்குமாம். இலையும் தண்டும் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன அறைகளாம். அந்தச் சத்து உள்ளே போக ஒரு வாசல், வெளியே வர ஒரு வாசல் என்று ஒவ்வொரு அறையிலும் உண்டாம். களைக்கொல்லி அந்தச் சத்தைப் போலவே இருப்பதால் செடி வாசலைத் திறந்து விட்டுவிடுகிறதாம். வெளியே வரும் வாசல் மட்டும் அதற்கு லேசில் திறக்காதாம். செடிக்குள்ளேயே ஏறிக் கொழுந்துக்குப் போய்விடுமாம், அதனால்தான் புது இலை கோணுகிறதாம்.

"இப்பக் கழுவிவிட்டா?"

"உள்ள போனத எப்படிக்கா கழுவுவீங்க? தண்ணி பாய்ச்சிப் பாருங்க. தெளிஞ்சாலும் தெளியும்."

பாய்ச்சினோம். கொழுந்தைக் கிள்ளிவிட்டேன், பக்கத்தில் வெடித்த கிளையும் விரல் விரலாகவே வந்தது. தினமும் விடிந்ததும் போய் ஒரு நல்ல இலை தேடுவேன். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் கஷாயமாவது வைக்கலாம். இதற்கு நின்று பார்ப்பதைத் தவிர எனக்கு ஒன்றும் செய்யத் தெரியவில்லை. பூமொட்டு உதிர்ந்தது. கடைசியில் ஆட்டை விட்டு மேய்க்கவும் பயந்து, எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டோம்.

ஆபீசில் என்ன சொன்னார்கள் என்று வீட்டுக்காரர் கேட்டபோது, "அவியளுக்கும் தெரியலையாம்" என்று சொல்லிவிட்டேன். கேட்டவர்களிடமெல்லாம் அவர், "என் கை அளவு தப்பிருச்சு" என்றே சொன்னார். நான் பக்கத்திலேயே நின்றேன், வாய் திறக்கவில்லை. அவர் போய் ஒன்பது வருஷம் ஆகிறது.

ஏட்டி, டேங்கக் கழுவுனது நான்தான்னு எழுதிட்டியா? அந்த எடத்த வாசி, கேப்போம்.