ரெண்டு கையோட ஒரு ஆடி

என் அப்பா நல்லசிவம் தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையின் பட்டுப் பிரிவில் முப்பத்தொரு வருடம் நின்றார். விற்பனையாளர்களுக்கு நாற்காலி போட்டபோது அவருக்கு உட்காரும் பழக்கம் விட்டுப்போயிருந்தது.

சேலையை இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கி ஒரே வீச்சில் விரிப்பார். வந்தவர்கள் தயங்கினால் முந்தானையைத் தன் தோளிலேயே போட்டுக்கொள்வார். "இந்த மூஞ்சிக்கே இம்புட்டு நல்லா இருக்குன்னா, உங்க பொண்ணுக்கு எப்படி இருக்கும், பாருங்க." கல்யாண வீட்டுப் பெண்கள் சிரிப்பார்கள். சிரித்தவர்கள் வாங்காமல் போனதில்லை என்பார்.

நாக்கின் இடது ஓரத்தில் புற்று வந்தபோது அவருக்கு ஐம்பத்தாறு வயது. நாக்கில் ஒரு துண்டையும் இடது கழுத்தின் நெறிக்கட்டிகளையும் வெட்டி எடுத்தார்கள். பிறகு முப்பது நாள் கதிர்வீச்சு. பேச்சு குழறியது. முதலாளி முத்துகிருஷ்ணன் அண்ணாச்சி அவரைப் பழைய இடத்திலேயே வைத்துக்கொண்டார். கழுத்துத் தழும்பின் மேல் முந்தானை விழும்படி போட அப்பா பழகிக்கொண்டார்.

இரண்டு வருடம் கழித்து, ஆனி மாதம், அதே கழுத்தில் ஒரு கட்டி. ஊசியால் எடுத்துச் சோதித்ததில் புற்று திரும்பியிருப்பது உறுதியானது. முதல் அறுவையைச் செய்த டாக்டர் ஜஹீதா, அடையாறில் தன் அறையில் அப்பாவையும் அம்மாவையும் உட்காரவைத்து விளக்கினார். கதிர்வீச்சு பட்ட இடம். மறுபடி கொடுக்க முடியாது. வெட்டி எடுப்பதுதான் வழி, அதுவும் பதினைந்து நாளுக்குள். கட்டியோடு ஒரு தசையும் ஒரு ரத்தக்குழாயும் தோளைத் தூக்கும் நரம்பும் போகும். அதன்பின் இடது கை தோளுக்கு மேலே ஏறாது.

அன்று மாலை அப்பா எனக்கு போன் செய்தார். நான் குஜராத்தில் ஒரு ஆலையில் இருந்தேன். குழாய் வெல்டிங்கில் விரிசல் பார்ப்பது என் வேலை. விரிசலின் நீளமும் வளரும் வேகமும் தெரிந்தால், அடுத்த பராமரிப்பு வரை தாங்குமா என்று கணக்கிட்டுக் கையெழுத்துப் போடுவோம்.

"சிந்து, ரெண்டு கையோட இந்த ஒரு ஆடிய மட்டும் பார்த்துக்கிடுதேன். ஆவணிக் கல்யாணத்துக்கு எல்லாரும் ஆடித் தள்ளுபடியிலதான் எடுப்பாங்க. அதுவரைக்கும் தாங்குமா? நீ படிச்சவ, சொல்லு."

கட்டி எவ்வளவு என்று கேட்டேன். 1.8 சென்டிமீட்டர். முதல் கட்டி வளர்ந்த வேகத்தை வைத்து மனக்கணக்குப் போட்டேன். டாக்டரைக் கூப்பிட்டுக் கேட்கவில்லை. அன்று நான் முடிக்க வேண்டிய அறிக்கைகள் மூன்று இருந்தன.

"தாங்கும்ப்பா," என்றேன்.

அம்மாவிடம் அவர் சொன்னது வேறு. ஆடி முடியாமல் அண்ணாச்சி லீவு தரமாட்டேன் என்கிறார் என்று சொல்லியிருக்கிறார்.

ஆவணி முதல் வாரம் நானும் ஊருக்கு வந்து ஆஸ்பத்திரிக்கு உடன் போனேன். புது ஸ்கேனில் கட்டி, மூளைக்குப் போகும் பெரிய ரத்தக்குழாயை முக்கால் சுற்று சுற்றியிருந்தது. டாக்டர் ஜஹீதா இரண்டு ஸ்கேன்களையும் அருகருகே வைத்துப் பார்த்தார்.

"பதினஞ்சு நாள்னு சொன்னேன். ஏழு வாரம் கழிச்சு வர்றீங்க. இப்ப கத்தி வச்சா டேபிள்லயே போயிடுவீங்க சார். யார் தள்ளிப்போடச் சொன்னது?"

"கடையில லீவு குடுக்கல டாக்டர்," என்றார் அப்பா.

அம்மா அங்கேயே கடைக்காரரைச் சபிக்க ஆரம்பித்தாள். அப்பா என் பக்கம் திரும்பவில்லை. நான் ஸ்கேனில் அளவைப் படித்துக்கொண்டிருந்தேன். 4.1.

மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். தை பிறக்கும் முன் இறந்துவிட்டார். இடது கை கடைசி வரை மேலே ஏறியது.

பதினாறாம் நாள் அண்ணாச்சி வீட்டுக்கு வந்தார். அம்மா எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அண்ணாச்சியும் எழுந்தார். வாசல் வரை கூடப் போனேன்.

"நான் லீவு குடுக்கலன்னு உங்கம்மா எழவு அன்னைக்கே எல்லார் முன்னாலயும் சொல்லிட்டாங்க. எங்கிட்ட அவரு கேக்கவே இல்லியேம்மா. கேட்டிருந்தா நானே கொண்டுபோயி சேத்திருப்பேன். கை தூக்கலன்னா பில் போட உக்காத்தி வச்சிருப்பேன். எதுக்கு அப்படிச் சொன்னாரு?"

"தெரியல அண்ணாச்சி," என்றேன்.

அம்மா இன்றும் அந்தக் கடை இருக்கும் தெரு வழியாகப் போவதில்லை. நானும் அவளோடு சுற்றுவழியில் நடக்கிறேன்.