பச்சை விளக்கை நம்பியவர்

அந்த வட்டாரத்தில் அவரை ஒயர்க்காரர் என்றுதான் சொல்வார்கள். தோள்பையின் வாய் என்றைக்கும் மூடியதில்லை. நாலைந்து ஒயர்கள் வெளியே எட்டிப் பார்த்தபடி இருக்கும். ஏழு இடங்களின் கம்ப்யூட்டர்கள் அவர் பொறுப்பில் இருந்தன. எதைக் கேட்டாலும் “ரெண்டு நிமிஷ வேலை” என்பார். அவர் மனைவி அதை நம்பி அடுப்பில் எதையும் வைப்பதில்லை.

ஏழில் ஒன்று டாக்டரம்மாவின் கிளினிக். முன்னறையில் இரண்டு பெஞ்சு, ஒரு கவுன்ட்டர், உள்ளறையில் டாக்டரம்மா. கவுன்ட்டரில் பதினோரு வருடமாக ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். வருகிறவர்களுக்கு எண் போட்ட சீட்டைக் கிழித்துக் கொடுப்பதால் அவள் எல்லோருக்கும் சீட்டு அக்கா. ஒயர்க்காரருக்கு மட்டும் தங்கச்சி.

கம்ப்யூட்டர் கவுன்ட்டருக்கு அடியில், தரை துடைக்கிற வாளிக்கும் பழைய பேப்பர் கட்டுக்கும் நடுவே கிடந்தது. ஒன்பது வருடப் பெட்டி. உள்ளே காற்றாடி சுற்றுகிற சத்தம், கிழவர் தொண்டையைச் செருமுவது போலிருக்கும். மாற்றிவிடலாம் என்று இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். “ஓடுதில்லப்பா? ஓடட்டும்” என்றார் டாக்டரம்மா. மூன்றாவது முறை சொல்ல அவர் மெனக்கெடவில்லை.

பெட்டியில் இருக்கிற நோயாளிகளின் விவரங்களையெல்லாம் இன்னொரு சின்னப் பெட்டி தினமும் தானாகவே நகல் எடுத்துக்கொள்ளும்படி அவர்தான் ஏற்பாடு செய்திருந்தார். அதன் நெற்றியில் ஒரு பச்சை விளக்கு. மாதம் ஒருமுறை வருவார், குனிவார், பச்சையாக எரிகிறதா என்று பார்ப்பார். பிறகு அலமாரிக் கதவில் ஒட்டியிருந்த தாளில் ‘பேக்கப் பார்த்தாச்சு’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, கொடுத்த டீயைக் குடித்துவிட்டுக் கிளம்புவார்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை சீட்டு அக்காவிடமிருந்து போன் வந்தது. “அண்ணே, பெட்டி எந்திரிக்கவே மாட்டேங்குது. டொக்கு டொக்குனு சத்தம் மட்டும் வருது.”

அந்தச் சத்தம் என்னவென்று அவருக்குத் தெரியும். ஹார்ட் டிஸ்க் போய்விட்டது. வழியெல்லாம் ‘பேக்கப் இருக்கு, பேக்கப் இருக்கு’ என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வண்டியை ஓட்டினார். கிளினிக்கில் சின்னப் பெட்டியைக் கழற்றித் தன் லேப்டாப்பில் மாட்டித் திறந்தார். கடைசி நகலின் தேதி பதினான்கு மாதத்துக்கு முந்தையது.

பதினான்கு மாதத்துக்கு முன்னால் அந்தக் கம்ப்யூட்டரின் பாஸ்வேர்டை மாற்றியது அவரேதான். புதிய பாஸ்வேர்டை நகல் எடுக்கிற புரோகிராமுக்குக் கொடுக்க மறந்திருக்கிறார். அன்றோடு அது நின்றுபோயிருக்கிறது. பச்சை விளக்குக்கு நகலைப் பற்றி என்ன தெரியும்? கரண்ட் வந்தால் எரியும், அவ்வளவுதான். அதைப் பார்த்துப் பதினான்கு கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

டாக்டரம்மா உள்ளறை வாசலுக்கு வந்து நின்றார். “எப்படிப்பா திடீர்னு போச்சு?”

சீட்டு அக்காதான் முந்திக்கொண்டு, தயங்கித் தயங்கிச் சொன்னாள். “நேத்து சாயங்காலம் ஒரு குழந்தைக்கு மூச்சு வாங்குச்சும்மா. ஆவி பிடிக்கிற மெஷினுக்கு பிளக் கிடைக்கல. அவசரத்துல இந்த ஒயரைப் பிடுங்கிட்டேன்.”

டாக்டரம்மா ஒயர்க்காரரைப் பார்த்தார். “அதனாலயா?”

பெட்டியே ஒன்பது வருடம் பழசு, இன்றைக்கோ நாளைக்கோ என்று இருந்தது, நகல் இல்லாதது என் தப்பு: இத்தனையும் நாக்கு நுனி வரை வந்தது. “ஓடிட்டு இருக்கும்போது கரண்ட்டைப் பிடுங்கினா டிஸ்க் போறது உண்டும்மா” என்றுதான் வாய் சொன்னது. பொய் என்றும் சொல்ல முடியாது. “பேக்கப்பும் பழசாத்தான் இருக்கு” என்பதை மென்று விழுங்கிச் சேர்த்துக்கொண்டார். ஏன் பழசு என்று அந்தப் பதற்றத்தில் யாரும் கேட்கவில்லை.

“உனக்கு எத்தனை வருஷம் இங்க ஆச்சு? இதுகூடத் தெரியாதா?” என்று டாக்டரம்மா அவளிடம் பொரிந்து தள்ளினார். பெஞ்சில் பன்னிரண்டு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் சீட்டுப் புத்தகத்தையே வெறித்துக்கொண்டு நின்றாள்.

இரண்டு நாளில் புதுப் பெட்டி வந்தது. பதினான்கு மாதத்துக்கு முந்தைய விவரங்களை அதில் ஏற்றினார். விடுபட்டதைக் கிடைத்த காகிதங்களிலிருந்து சீட்டு அக்கா தட்டிச் சேர்க்க ஆரம்பித்தாள். மத்தியானம் வீட்டுக்குப் போவதை நிறுத்திவிட்டாள். ஒயர்க்காரர் ஏதாவது சாக்கு வைத்துக்கொண்டு தினமும் கிளினிக் பக்கம் போனார். வீட்டில் சோறு இறங்கவில்லை. “என்ன, யாரையாவது அடிச்சுட்டு வந்தீங்களா?” என்று மனைவி கேட்டதற்கு எரிந்து விழுந்தார்.

ஒன்பதாம் நாள் அவர் உள்ளறையில், டாக்டரம்மாவின் மேஜைக்கு அடியில் படுத்து ஒயர் இழுத்துக்கொண்டிருந்தார். இருமலும் காய்ச்சலுமாக ஒரு பெரியவரைத் தாங்கிப் பிடித்து உட்கார வைத்தார்கள். பேசக்கூட அவருக்குத் தெம்பில்லை. டாக்டரம்மா திரையைப் பார்த்தார். “ஒவ்வாமை எதுவும் இல்ல. ஊசி போட்டுடலாம்” என்று மருந்தின் பேரைச் சொன்னார்.

முன்னறையிலிருந்து நாற்காலி இழுபடும் சத்தம். சீட்டு அக்கா கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். “அம்மா, வேணாம்மா! இவருக்கு அந்த மருந்து ஆகாது. போன மழையில நீங்கதான் கண்டுபிடிச்சீங்க. உடம்பெல்லாம் தடிச்சு, உதடு வீங்கி, ஆம்புலன்ஸ்ல அனுப்பினோமே. நாந்தான் கம்ப்யூட்டர்ல ஏத்தினேன்.”

டாக்டரம்மா ஊசியைத் தட்டில் வைத்துவிட்டு, சற்று நேரம் கண்ணை மூடிக்கொண்டார்.

மேஜைக்கு அடியில் ஒயர்க்காரர் இழுத்துக்கொண்டிருந்த ஒயரை விட்டுவிட்டார். அவள் ஏற்றியது அழிந்துபோனதற்குக் காரணம் அவர். அதற்கு அவள் திட்டு வாங்கினாள். இப்போது ஒரு உயிரை அவளே காப்பாற்றியும் கொடுத்திருக்கிறாள். பெரியவர் வேறு ஊசி போட்டுக்கொண்டு போனதும் ஒயர்க்காரர் ஊர்ந்து வெளியே வந்தார். தலைமுடியெல்லாம் தூசி.

“டாக்டரம்மா, தப்பு எம்பேர்ல. நகல் எடுக்கறது பதினாலு மாசத்துக்கு முன்னாடியே நின்னுபோச்சு. நான் பாக்காமலே பாத்தேன்னு கையெழுத்துப் போட்டேன். பெட்டியும் தானாவே சாகிற நிலைமையிலதான் இருந்துச்சு. அவங்க ஒயரைப் பிடுங்காட்டியும் போயிருக்கும்.”

“மாத்தச் சொன்னப்ப நானும் மாத்தல” என்றார் டாக்டரம்மா மெதுவாக. பிறகு குரல் இறுகியது. “ஆனா அவளைத் திட்டினப்ப நீங்க பக்கத்துலயே நின்னீங்க. முதல்ல அவகிட்டப் போய்ச் சொல்லுங்க. நானும் வர்றேன்.”

அன்றும் பெஞ்சு நிறைய ஆட்கள் இருந்தார்கள். எல்லார் முன்னாலும் டாக்டரம்மா சீட்டு அக்காவிடம் மன்னிப்புக் கேட்டார். அவருக்கு அவள் தலையசைத்தாள். ஒயர்க்காரர் சொல்லி முடித்ததும் அவள் முகம் சிவந்தது.

“ஒம்போது நாளா எங்க வீட்ல ஒரு ஸ்விட்சைக்கூட நான் தொடலண்ணே. ஃபேன் போடறதுக்குக்கூட எம்பொண்ணைத்தான் கூப்பிட்டேன். கை வெச்சா எதாவது போயிடும்னு பயம். அந்தக் குழந்தை மூச்சு விடட்டும்னு பிடுங்கினேனேன்னு ராத்திரியெல்லாம் அழுதிருக்கேன். நீங்க தினமும் வந்து டீ குடிச்சுட்டுப் போனீங்க.”

“மன்னிச்சுடும்மா” என்றார் ஒயர்க்காரர். “இப்ப முடியாது” என்றாள் அவள்.

அதன்பின் ஆறு வாரம், மற்ற இடத்து வேலைகளையெல்லாம் மத்தியானத்துக்குள் முடித்துவிட்டுக் கிளினிக்குக்கு வந்து உட்கார்ந்தார். லேபிலிருந்து பழைய ரிப்போர்ட்டுகளைக் கேட்டு வாங்கினார். ஒவ்வொரு நோயாளிக்கும் போன் செய்து வீட்டில் இருக்கிற மருந்துச் சீட்டைக் கொண்டுவரச் சொன்னார். அவள் வாசிக்க அவர் தட்டினார். வேலையைத் தவிர அவள் வேறு பேச்சுப் பேசவில்லை. முக்கால்வாசி மீண்டது, மீதி போனது போனதுதான். இனி மாதாமாதம் நகலிலிருந்து அவள் ஏதாவது ஒரு பெயரைச் சொல்வாள், அவர் அதைத் திறந்து காட்ட வேண்டும். திறந்தால்தான் கையெழுத்து, அதுவும் அவளுடையது. டாக்டரம்மா போட்ட சட்டம் இது.

அவர் இன்னொன்றும் செய்தார். மற்ற ஆறு இடங்களுக்கும் ஒவ்வொன்றாகப் போய் நகலைத் திறந்து பார்க்க ஆரம்பித்தார். மூன்றாவது இடம் தையல் யூனிட். அங்கேயும் நகல் எட்டு மாதமாக நின்றுபோயிருந்தது. முதலாளியிடம் அவரே போய்ச் சொன்னார். முதலாளி கோபத்தில் சத்தம் போட்டு, இனிமேல் வர வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் நடந்தது மொத்தத்தையும் முதல் முறையாகச் சொன்னார். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

“இன்னும் எத்தனை இடம் பாக்கணும்?”

“மூணு.”

“நாளைக்கே போயிட்டு வந்துடுங்க” என்று சொல்லிவிட்டு, அவருக்குத் தட்டு எடுத்து வைத்தாள்.