இரண்டு துணி, இரண்டு ஆணி

லாரி டயர் கடையில் வேலை பார்க்கும் அந்த ஆளுக்கு ஊரே சேர்ந்து வைத்த பேர் 'ரெண்டாம் ரவுண்டு'. பெற்றவர்கள் வைத்த பேர் ஒன்று இருக்கத்தான் செய்தது. அவசரத்துக்கு அது அவர் மனைவிக்கே ஞாபகம் வராது. ஒரு காலத்தில் ஹெவிவெயிட் குத்துச்சண்டைக்காரர். இன்றைக்கும் லாரிச் சக்கரத்தை ஒற்றை ஆளாக நிமிர்த்தி நிறுத்துவார். ஆனால் வாழ்க்கையில் பெரிய மேடை என்று கிடைத்தது ஒன்றே ஒன்றுதான். அதில் இரண்டாம் ரவுண்டில் மல்லாக்க விழுந்தார். அடித்துப் போட்டவன் பிறகு சாம்பியன் ஆனான், பட்டம் பட்டமாகக் குவித்தான், மாலையோடு ஓய்வும் பெற்றான். விழுந்தவருக்கு இந்தப் பேர் மட்டும் மிஞ்சியது.

விழுந்தவர் எழுந்து வீட்டுக்குப் போயிருந்தால் கதை அன்றே முடிந்திருக்கும். இவர் எழுந்தார், ஆனால் விடவில்லை. இருபத்தைந்து வருஷமாக அந்தச் சாம்பியனைத் திட்டுவதை ஒரு வேலையாகவே வைத்திருந்தார். டயர் கழற்ற வரும் லாரி ஓட்டுநர்களுக்குக் கடை வாசலில் ஒரு பெஞ்சு உண்டு. சும்மா உட்கார்ந்திருக்கிற மனுஷனுக்கு வாய் சும்மா இருக்குமா? யாராவது ஒருவர் நெருப்பைக் கிள்ளிப் போடுவார்.

"அண்ணே, நம்ம சாம்பியன் மாதிரி ஒரு ஆளு இனிமே வருவானா?"

அவ்வளவுதான். ரெண்டாம் ரவுண்டு கையில் இருக்கிற கடப்பாரையை டயருக்கும் ரிம்முக்கும் நடுவில் அப்படியே குத்தி விட்டுவிட்டுத் திரும்புவார்.

"சாம்பியனா? அவன் மோதின ஆளுங்களை வரிசையா நிக்க வெச்சுப் பாரு. ஒருத்தன் ஓய்வு எடுக்கப் போன கிழவன். ஒருத்தனுக்கு முட்டி போச்சு. ஒருத்தன் காய்ச்சல்ல படுத்துக் கிடந்தவன், இழுத்துட்டு வந்து ஏத்தி விட்டாங்க. இவங்களை அடிச்சதுக்குப் பேரு வீரமா? ஊதிப் பெருக்கின ட்யூபு அவன். ஒரு குண்டூசி போதும்."

"உங்களையும் அடிச்சாருல்ல?"

இந்தக் கேள்விக்குத்தான் அவர் காத்திருப்பார்.

"கையுறையில தைலத்தைத் தடவிட்டு வந்து அடிச்சான்! மொத ரவுண்டுல அவன் மூக்கை உடைச்சேன், ரத்தம் கொட்டிச்சு. ரெண்டாவதுல என் கண்ணு ரெண்டும் பத்திக்கிச்சு. கண்ணைத் திறக்க முடியாதவனை நீகூட அடிக்கலாம்யா. என்ன, உனக்குக் கொஞ்சம் எம்ப வேண்டியிருக்கும்."

பெஞ்சு சிரிக்கும். பாதிப் பேர் அவரை நம்பினார்கள், பாதிப் பேர் பொழுது போனால் சரி என்று கேட்டார்கள்.

கடை அவருடைய அண்ணனுடையது. தம்பி தோற்ற கையோடு கடையைத் திறந்து, தம்பியைக் கூப்பிட்டு வேலை கொடுத்தவர். அன்றைக்கு ரிங்கில் தம்பியின் மூலையில் நின்று தண்ணீர் கொடுத்து, தோளைத் தேய்த்து, முகம் துடைத்து விட்டவரும் அவர்தான். பெஞ்சுக்காரர்கள் அவரையும் இழுக்கப் பார்ப்பார்கள். "முதலாளி, நீங்கதானே பக்கத்துல இருந்தீங்க, உண்மைதானா?" அண்ணன் காற்று அளக்கும் கருவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு, "அவன்தான் சொல்றானே" என்பார். அதற்கு மேல் ஒரு சொல் வராது.

மற்றபடி அவர் வாயில்லாப் பூச்சி இல்லை. ஒரு விஷயத்தில் கத்தினார் என்றால் எதிர்க் கடைக்காரர் எட்டிப் பார்ப்பார். கடையில் இரண்டு துணி. ஒன்று நட்டு துடைக்கிற கிரீஸ் துணி, இன்னொன்று ட்யூபைத் துடைக்கிற சுத்தத் துணி. இதற்கு ஒரு ஆணி கடையின் இந்தக் கோடியில், அதற்கு ஒரு ஆணி அந்தக் கோடியில். ட்யூபில் எண்ணெய் பட்டால் ஒட்டு பிடிக்காது என்பது எல்லா டயர் கடைக்கும் தெரிந்ததுதான். ஆனால் எந்தக் கடையிலும் இதற்காக ஆளை வேலையை விட்டு நிறுத்தியதில்லை. இவர் நிறுத்தியிருக்கிறார். துணியை மாற்றி மாட்டிய ஒரு வேலைக்காரனை, "உன் கண்ணு என்ன பொட்டையா? எதை எதுல துடைக்கிறதுன்னு தெரியாது?" என்று நடுத்தெருவில் வைத்துக் கிழித்தார். அண்ணனுக்கு அது ஒரு கிறுக்கு என்று ரெண்டாம் ரவுண்டு நினைத்துக்கொண்டார். எல்லாருக்கும் ஏதாவது ஒரு கிறுக்கு இருக்கிறது, தனக்குச் சாம்பியன், அண்ணனுக்குத் துணி.

இந்த நிலையில்தான் அந்தச் செய்தி வந்தது. ரெண்டாம் ரவுண்டும் சாம்பியனும் ஒன்றாகக் குத்தப் பழகிய பயிற்சிக்கூடத்துக்குச் சாம்பியனின் பேரை வைக்கப் போகிறார்களாம். வாசலுக்கு மேலே, கல்லில் வெட்டி. உறுப்பினர்களில் பாதிப் பேருக்கு அது பிடிக்கவில்லை. அந்த ஆளு அவ்வளவு பெரிய வீரனா, இல்லை சும்மா தூக்கி வைத்து ஆடுகிறோமா என்று ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் கூடிப் பேசி முடிவு செய்வது என்று ஆனது. சாம்பியனும் வருவான். எதிர்க்கிறவர்கள் கடைக்கே வந்து ரெண்டாம் ரவுண்டின் கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

"நீங்க வந்து அந்தத் தைல விஷயத்தைச் சொல்லிடுங்க போதும். அதோட முடிஞ்சுது அவன் கதை."

அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. மனைவியிடம், "இன்னிக்கு வரைக்கும் டயர்கிட்ட பேசினேன். ஞாயித்துக்கிழமை அவன் மூஞ்சிக்கு நேரா பேசப் போறேன். அதுக்கப்புறம் எவனாவது என்னை ரெண்டாம் ரவுண்டுன்னு கூப்பிடட்டும், பார்க்கிறேன்" என்றார்.

"நல்லாப் பேசுங்க. ஆனா கைய நீட்டிடாதீங்க" என்றாள் அவள்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவருக்குத் தோள் பிடித்துக்கொண்டது. மனைவி தைலம் போட்டு அழுத்தித் தேய்த்துவிட்டு, கையைத் துண்டில் துடைத்து நாற்காலியில் போட்டுவிட்டுப் போனாள். அவர் முகம் கழுவி வந்து, கைக்கு அகப்பட்ட அதே துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். ஒன்றும் ஆகவில்லை. துண்டை மறுபடி நாற்காலியில் போட்டார். "எந்தச் சட்டை போடட்டும்?" என்று கேட்டார். "நீலம்" என்று அவள் சொன்னாள். அலமாரியைத் திறந்தார். அதற்குப் பிறகுதான் கண் பற்றிக்கொண்டது.

அவர் கத்தவில்லை. அலமாரிக் கதவைப் பிடித்தபடி அப்படியே தரையில் உட்கார்ந்தார். மனைவி ஓடிவந்து, "ஐயோ, என்னங்க, அந்தத் துண்டையா எடுத்தீங்க?" என்று தண்ணீரை வாரி அடித்தாள். தண்ணீர் பட்டதும் இன்னும் எரிந்தது. அவருக்குத் தெரிந்த எரிச்சல் அது. அதே வாசனை, அதே நெருப்பு. உடனே எரியவில்லை, கொஞ்சம் பொறுத்துத்தான் எரிந்தது. அன்றைக்கு இரண்டாம் ரவுண்டுக்கு மணி அடித்து, முக்காலியை விட்டு எழுந்தபோதே கண்ணைச் சிமிட்டிக்கொண்டுதான் எழுந்தோம் என்பது அவருக்கு இப்போது ஞாபகம் வந்தது. சாம்பியனின் கையுறை அப்போது அவர் பக்கத்திலேயே வரவில்லை. முதல் ரவுண்டு முடிந்து முக்காலியில் உட்கார்ந்த பிறகு அவர் முகத்தைத் தொட்டது ஒரே ஒரு துண்டு. தோளில் தைலம் தேய்த்த துண்டு.

"யாரு துடைச்சாங்க" என்று தரையில் உட்கார்ந்தபடி சொன்னார்.

"நீங்கதான் துடைச்சீங்க. வேற யாரு துடைப்பா?" என்றாள் மனைவி, ஒன்றும் புரியாமல்.

கூட்டத்துக்கு அண்ணனும் தம்பியும் சேர்ந்து நடந்து போனார்கள். அண்ணன் பளிச்சென்று உடுத்தியிருந்தார். தம்பியின் கண் சிவந்திருந்ததைப் பார்த்து, "தூங்கலையா?" என்று கேட்டார். வழியில்தான் கடை. தம்பி நின்றார். கம்பிக் கதவு வழியாக உள்ளே பார்த்தார். இந்தக் கோடியில் கறுத்த துணி, அந்தக் கோடியில் வெள்ளைத் துணி.

"என்னடா நின்னுட்ட? நேரமாச்சு."

"அண்ணே, அன்னிக்கு என் தோளைத் தேய்ச்ச துண்டும், மூஞ்சியைத் துடைச்ச துண்டும் ஒண்ணா?"

"என்னிக்கு?"

"என்னிக்குன்னு தெரியாதா உங்களுக்கு?"

"அதெல்லாம் யாருக்குடா ஞாபகம் இருக்கு? எவ்வளவு வருஷமாச்சு."

"இந்த ரெண்டு ஆணியும் எப்ப அடிச்சீங்க?"

அண்ணன் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். "கடை திறந்தப்ப."

"அதாவது நான் விழுந்த கையோட."

"இப்ப எதுக்கு அதைக் கிளறுற? நீ அங்க போய்ப் பேச வேண்டியதைப் பேசு. ஊரே காத்துட்டு இருக்கு."

ரெண்டாம் ரவுண்டுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இந்த மனுஷனுக்குத் தெரியும். முதல் நாளே தெரியும். தெரிந்துகொண்டே, தம்பி ஊரான் ஒருவனைத் திருடன் திருடன் என்று கரித்துக்கொட்டுவதைப் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறார். இன்றைக்கும் போய்ப் பேசு என்கிறார். ஓங்கி ஒன்று விடலாமா என்று கை துடித்தது. மனைவி சொன்னது நினைவுக்கு வந்ததால் கையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நடந்தார்.

கூடத்தில் ஏற்கெனவே வாக்குவாதம் முற்றியிருந்தது. சாம்பியன் ரிங்கின் ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். உடம்பு பெருத்து, காலை நீட்டி, முட்டியை மடக்க முடியாமல். அவன் கால் நகராது, தள்ளி நின்று ஆடுகிறவனிடம் அவன் ஜெயித்ததே இல்லை என்று ஒருவர் சொல்லிக்கொண்டிருந்தார். ஜெயித்தது ஜெயித்ததுதானே, நீ என்ன கிழித்தாய் என்று இன்னொருவர் எகிறினார். ரெண்டாம் ரவுண்டு உள்ளே நுழைந்ததும் சாம்பியன் கையைத் தட்டினான்.

"வாடா வா. டயர் கடையில பேசினதையெல்லாம் இங்க வந்து பேசு. எவ்வளவு நாளைக்குத்தான் நானும் காது வழியாவே கேக்கிறது?"

எல்லாரும் திரும்பினார்கள். ரெண்டாம் ரவுண்டு நடுவில் போய் நின்றார். முன்வரிசையில் அண்ணன் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தார்.

"இவன் கையுறையில ஒண்ணும் இல்ல" என்றார் ரெண்டாம் ரவுண்டு.

எதிர்க்கிறவர்கள்தான் முதலில் எழுந்தார்கள். "என்னங்க இது? தைலம் தடவினான்னு ஊரெல்லாம் சொன்னீங்களே? அப்ப உங்க கண்ணு எரிஞ்சது?"

இப்போது சொல்ல வேண்டியது ஒரே வரிதான். அண்ணன் பக்கம் கையைக் காட்டினால் போதும். தோல்வி தன்னுடையது இல்லை என்று ஆகிவிடும், சாம்பியனின் அந்த ஜெயமும் செல்லாது என்று ஆகிவிடும், இந்தப் பட்டப்பேரும் போய்விடும். வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் கூடப் பிறந்தவனை இத்தனை பேர் நடுவில் உரிக்க அவருக்கு மனசு வரவில்லை. மனசு வராததற்கும் சேர்த்து அண்ணன் மேல் கோபம் வந்தது.

"எரியல" என்றார். "அடி வாங்கினேன், விழுந்தேன். வெளிய சொல்ல வெக்கமா இருந்துச்சு. சும்மா சொன்னேன்."

யாரோ பின்னாலிருந்து, "அடப் பாவி, இவ்வளவு வருஷமாவா?" என்றார்கள். சிரிப்பு கிளம்பியது. சீட்டி கேட்டது. "ரெண்டாம் ரவுண்டு, ரெண்டாம் ரவுண்டு" என்று பெஞ்சைத் தட்டினார்கள். சாம்பியன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு கஷ்டப்பட்டு எழுந்தான். முகமெல்லாம் பல்.

"இப்பவாவது வாயில உண்மை வந்துச்சே" என்று கையை நீட்டினான்.

"கையைக் கீழ போடு" என்றார் ரெண்டாம் ரவுண்டு. "நீ பெரிய வீரன்னு நான் சொல்லல. உன் கால் நகராது, உன்னோட மோதினவன்ல பாதிப் பேரு ஒண்ணுக்கும் உதவாதவன். இன்னிக்கும் அதைத்தான் சொல்வேன். திருடன் இல்லைன்னு மட்டும்தான் சொன்னேன்."

அவர் வெளியே வருவதற்குள் உள்ளே கை தூக்கி முடித்திருந்தார்கள். பேர் வைப்பது என்று முடிவானது. அண்ணன் பின்னாலேயே வந்தார். தம்பியின் கூடவே நடந்தார். பாதித் தூரம் வந்த பிறகு, "நீ ஏன்டா அப்படிச் சொன்ன?" என்று மெதுவாகக் கேட்டார். தம்பி எதிர்ப் பக்கத்து நடைபாதைக்குப் போய்விட்டார்.

மறுநாள் காலை ரெண்டாம் ரவுண்டு முதல் ஆளாகக் கடைக்கு வந்தார். இந்தக் கோடியில் இருந்த கிரீஸ் துணியை எடுத்துக்கொண்டு போய், அந்தக் கோடி ஆணியில், வெள்ளைத் துணிக்கு மேலேயே மாட்டினார். பிறகு ஒரு டயரை உருட்டிப் போட்டு வேலையில் உட்கார்ந்தார். பெஞ்சில் இரண்டு ஓட்டுநர்கள் வந்து உட்கார்ந்திருந்தார்கள். கூட்டத்துச் செய்தி அதற்குள் அவர்கள் காதுக்கும் எட்டியிருந்தது. ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

அண்ணன் வந்தார். காற்று அளக்கும் கருவியை எடுக்கப் போனவர் ஆணியைப் பார்த்துவிட்டார். வெள்ளைத் துணியில் கறுப்பு ஏறிக்கொண்டிருந்தது. அவர் வாய் திறந்தது. பெஞ்சில் இருந்தவர்கள்கூட நிமிர்ந்து உட்கார்ந்தார்கள், இன்றைக்கு யாருக்கோ இருக்கிறது என்று.

ரெண்டாம் ரவுண்டு கடப்பாரையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

"கத்துங்கண்ணே" என்றார்.

அண்ணன் கத்தவில்லை. துணியை ஆணியிலிருந்து எடுக்கவும் இல்லை.