மாமிக்கு வரைந்த வட்டம்

கொரோனாவால் மூடிக் கிடந்த எங்கள் ஆலயத்தைத் திறக்கலாம் என்று உத்தரவு வந்தபோது எனக்குப் பதின்மூன்று வயது. பனச்சமூட்டுக்குப் பக்கத்தில் சின்ன சபை. பெரியப்பாதான் செயலாளர். ஆறடிக்கு ஓர் ஆள் என்று இடம் பிரிக்க ஆள் தேடினார். எனக்குக் கணக்கு வரும் என்பதால் என்னைப் பிடித்தார். இன்று கட்டட வரைபடம் போட்டுச் சம்பளம் வாங்குகிறேன். என் முதல் வரைபடம் அதுதான். அளவுநாடா பிடித்துத் தரையில் சுண்ணாம்பு வட்டங்கள் போட்டேன், எண் எழுதினேன், நோட்டில் எண்ணுக்கு நேராகப் பெயர் எழுதினேன்.

ஒன்றாம் எண் மாமிக்கு. மாமி, அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் ஒரே தங்கை. மாமா ஊரடங்கின்போது மாரடைப்பில் போய்விட்டார். மணி அடிக்கவில்லை, ஐந்தாறு பேர் நின்று அடக்கம் செய்தார்கள். எங்கள் சபையில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால், அடுத்த ஞாயிறு அந்த வீட்டார் ஆலயத்தில் முன்னால் உட்காருவார்கள். போதகர் இறந்தவர் பெயரைச் சொல்லி ஜெபிப்பார். அதற்குப் பிறகுதான் அவர்கள் இன்னொரு வீட்டுப் படி ஏறுவார்கள். ஆலயமே மூடிக் கிடந்ததால் மாமிக்கு அந்த ஞாயிறு வரவேயில்லை. இரண்டு மாதமாக எங்கள் முற்றத்தோடு நின்று பேசிவிட்டுப் போய்க்கொண்டிருந்தாள்.

மாமி வீடு ரோட்டுக்கு அந்தப் பக்கம். அந்தப் பக்கம் தமிழ்நாடு, எங்கள் வீடும் ஆலயமும் இருக்கும் இந்தப் பக்கம் கேரளா. ரோட்டில் மண்ணைக் கொட்டி அடைத்திருந்ததால் ரப்பர் தோட்டம் வழியாக வருவாள். திறப்பதற்கு முந்தின மூன்று நாளும் அப்படி வந்துதான், பிளீச்சிங் பவுடர் கலக்கி ஆலயம் முழுவதையும் கழுவினாள். கைத்தோல் உரிந்துவிட்டது. பெரியப்பா வாசலில் நின்று, மூலையில் அழுக்கு இருக்கிறது, நன்றாகத் தேய் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

ஞாயிறு காலை பெயர் சரிபார்க்க என்னை வாசலில் நிறுத்தினார்கள். நோட்டைத் திறந்தேன். ஒன்றாம் எண்ணில் மாமி பெயரை அடித்து, பெரியப்பா தன் பெயரை எழுதியிருந்தார்.

மாமி வெள்ளைச் சேலையில் வந்து நின்றாள். பெரியப்பா குறுக்கே வந்தார்.

“லிஸ்ட் ஸ்டேஷன்ல கொடுத்தாச்சு. வேற ஸ்டேட் ஆள உள்ள கேத்தினா கேஸ் ஆகும். நீ தமிழ்நாடு ஆக்கும், பிள்ளே.”

“ரெண்டு நிமிசம் போதும் அண்ணா. பேரச் சொன்னதும் போயிருவேன்.”

“நேத்து வாளி சுமக்கும்போ மாமி எந்த ஸ்டேட், பெரியப்பா?” என்று கேட்டுவிட்டேன்.

வரிசையில் ஒருவர், “வாளிக்கு பாஸ் வேண்டாம் மக்கா, ஆளுக்காக்கும் வேணும்” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். முகக்கவசத்துக்குள் சிரித்தால் யார் சிரித்தது என்று தெரியாது. அந்த வசதியை இன்றும் நான் மன்னிக்கவில்லை. என் இடத்தில் மாமி இருக்கட்டும், நான் வெளியே நிற்கிறேன் என்றேன். “எட்டி, வாய மூடு” என்றார் பெரியப்பா. மாமி என் கன்னத்தைத் தொட வந்து, பாதியில் கையை இழுத்துக்கொண்டாள்.

“போ மக்கா. ஆராதனை தொடங்கப் போவுது.”

ஒரு மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும் என்ற அவசரம். போதகர் அரசாங்கத்துக்கு நன்றி சொன்னார், சுகாதார ஊழியர்களுக்குச் சொன்னார், ஆலயத்தைத் தயார் செய்த செயலாளருக்குச் சொன்னார். நான் மாமிக்கு வரைந்த ஒன்றாம் வட்டத்தில் உட்கார்ந்திருந்த பெரியப்பா தலை குனிந்து ஏற்றுக்கொண்டார். மாமா பெயரைச் சொல்லவில்லை.

வெளியே வந்தபோது மாமி போகாமல் நின்றிருந்தாள்.

“பேரச் சொன்னாரா மக்கா?”

“சொன்னாரு மாமி. ரெண்டு தடவ.”

என்னையே கொஞ்ச நேரம் பார்த்தாள். “அது போதும்” என்றாள்.

அன்று மாலை எங்கள் வீட்டுப் படி ஏறி வந்து, அடுக்களையில் உட்கார்ந்து கட்டன்சாயா குடித்தாள். பெரியப்பா போட்ட தடையை என் ஒரு பொய்யால் உடைத்துவிட்டேன் என்று எனக்குப் பெருமையான பெருமை. உள்ளே இடம் கிடைக்காதவர்களுக்காக ஆலயத்தின் வெளிச்சுவரில் அன்று ஒலிபெருக்கி கட்டியிருந்தார்கள் என்பதும், அந்த ஒரு மணி நேரமும் மாமி அதற்கு நேர் கீழேதான் நின்றிருந்தாள் என்பதும் அப்போது எனக்கு உறைக்கவேயில்லை.