அக்கா வீட்டு மதில்

காற்று என்று பேச்செடுத்தாலே லோடர்காரருக்குப் பற்றிக்கொண்டு வரும். இருபத்திரண்டு வருடமாக அவருக்கு இதே பிழைப்பு. கடற்கரைச் சாலையில் காற்று கொட்டிவிட்டுப் போகும் மணலை லோடர் வண்டியால் அள்ளி ஓரமாகத் தள்ளுவார். மறுநாள் அதே மணல் அதே இடத்தில் உட்கார்ந்திருக்கும். மின்கம்பங்களின் அடிப்பாகத்தை முழங்கால் உயரத்துக்கு அரித்துச் சொரசொரப்பாக்கியதும் இந்த மணல்தான்.

அது போதாதென்று அக்கா வீடு வேறு. மணல் தரையோடுதானே ஓடி வருகிறது, மறித்துவிடலாம் என்று இரண்டு வருடத்துக்கு முன் வாசலுக்கு எதிரே இடுப்பளவு மதில் கட்டினார். அன்று பிடித்தது சனியன்! தினமும் காலையில் தன் வீட்டிலிருந்து வந்து வாசல் மணலை அள்ளிவிட்டு வேலைக்குப் போனால், மாலையில் கதவைத் திறக்க முடியாது. மணல் மூடும் வீட்டில் ஆள் இருப்பது ஆபத்து என்று இப்போது நகராட்சி அலுவலகத்திலிருந்து கடிதம் வந்துவிட்டது. மாதக் கடைசியில் வந்து பார்ப்பார்களாம். அன்றும் வாசல் மூடிக் கிடந்தால் அக்கா வீட்டைக் காலி செய்ய வேண்டும்.

"இன்னும் ரெண்டடி ஏத்திடுறேன்க்கா. எப்படி வருதுன்னு பாத்துடலாம்!"

செங்கல் இறக்கிய களைப்பில் மதிலுக்குப் பின்னால் உட்கார்ந்து பீடி பற்றவைக்கத் தீக்குச்சியைக் கிழித்தார். சுடர் அசையவே இல்லை. மதிலுக்கு அந்தப் பக்கம் மணல் சரிவாகச் சேர்ந்திருந்தது. அதன்மேல் ஏறி வந்த மணல், காற்று தளர்ந்த இந்தப் பக்கத்தில் பொலபொலவென்று அவர் மடியில் விழுந்தது. பக்கத்து வீட்டுக்கு மதிலே கிடையாது. காற்று தடையில்லாமல் ஓடிய அதன் படி துடைத்துவிட்டதுபோல் இருந்தது.

"அட மடையா!" என்று தன் தலையிலேயே அடித்துக்கொண்டார்.

லோடரை எடுத்து வந்து மதிலை இடித்தார், மணலையும் வாரினார். மாதக் கடைசியில் வந்தவர்கள் சுத்தமான வாசலைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள்.

"மதிலாலதான்னு எனக்கு அப்பவே தெரியும்டா" என்றாள் அக்கா.

"தெரிஞ்சுமா வாயைத் திறக்கல? நான் இங்க ரெண்டு வருஷமா முதுகொடிய அள்றேன்! வீடு போயிருந்தா?"

"உன் வீட்டுக்கு வந்திருப்பேன். மதில் கட்டறதுக்கு முன்னாடி நீ இந்தப் படியை எத்தனை தடவை மிதிச்சிருக்கே, சொல்லு பாப்போம்."

அவருக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. காற்றை, மணலை, அக்காவை, எல்லாவற்றையும் வாய்க்கு வந்தபடி திட்டினார். பிறகு வேலைக்குக் கிளப்பி வைத்திருந்த லோடரை அணைத்துவிட்டு, அள்ள ஒன்றுமில்லாத வாசலில் உட்கார்ந்தார்.

"சரி, டீ போடு. நாளைக்கும் வருவேன்."